பத்திரிகை வைக்க ஒரு வீடு

மருதண்ணனை எங்கள் மாலில் எல்லோரும் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அரசுப் பேருந்தில் முப்பத்தோரு வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்று நாலு வருடமாகியும் நடை மாறவில்லை. ஒரு காலை நன்றாக ஊன்றிக்கொண்ட பிறகுதான் மறு காலை எடுப்பார். பளிங்குத் தரையில் நடந்தாலும், ஓடுகிற வண்டியில் டிக்கெட் போடப் போகிறவர் மாதிரியேதான் இருக்கும்.

என் பெயர் பாண்டிமீனா. மாலின் தரைத்தளத்தில், எஸ்கலேட்டருக்குப் பக்கத்தில் ஸ்வீட் கார்ன் கடை வைத்திருக்கிறேன். கடை என்று சொல்வது ஒரு பெருமைக்கு. நாலடிக்கு நாலடி மேடை, ஒரு ஆவிப் பெட்டி, வெண்ணெய் டப்பா, அவ்வளவுதான். சனி, ஞாயிறுகளில் சோளம் வாங்குகிற கூட்டம் வரும். மற்ற நாட்களில் காலை பத்து மணிக்குக் கதவு திறந்ததும் வருகிறவர்கள் வேறு ரகம். சர்க்கரை வியாதிக்கு நடக்கச் சொல்லி டாக்டர் விரட்டியவர்கள், வீட்டில் ஏசி இல்லாதவர்கள், இருந்தும் மருமகள் போட விடாதவர்கள். மாதக்கணக்கில் வருவார்கள், ஒரு கர்ச்சீப்கூட வாங்க மாட்டார்கள். இவர்களால் எனக்கு ஒரு கப் சோளம் விற்றதில்லை. ஆனால் இவர்கள் வராவிட்டால் எனக்குப் பொழுது போகாது. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தக் கூட்டத்தில்தான் காசிமாயன் அண்ணனும் வந்து சேர்ந்தார். சமயநல்லூருக்கு உள்ளே தள்ளி ஊர். வயலும் தென்னந்தோப்பும் உண்டு. மருமகளுக்கு மாலுக்கு எதிரே வங்கியில் வேலை. காலையில் அவளைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, பன்னிரண்டு மணிவரை உள்ளே நடப்பார். "ஊருக்குள்ள நடக்க முடியலத்தா. நாலு எட்டு வைக்கிறதுக்குள்ள நாலு பேரு, எங்க கெளம்பிட்டீகன்னு கேக்குறான்" என்பார். முதல் நாள் அவருடைய வெள்ளை வேட்டியையும் மீசையையும் பார்த்து, செக்யூரிட்டி கருத்தக்கண்ணன் ஏதோ கட்சிக்காரர் என்று நினைத்து சல்யூட் வைத்துவிட்டான்.

அந்த மீசைக்குள் எஸ்கலேட்டர் பயம் ஒளிந்திருந்தது யாருக்கும் தெரியாது. படி வருவதும் மறைவதுமாக இருக்க, காசிமாயன் அண்ணன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் அதன் எதிரே நின்றார். பின்னால் வந்த மருதண்ணன்தான் தோளில் கை வைத்து, "கம்பியப் பிடிங்கண்ணே. வலது கால வைங்க. வச்சாச்சா? ரைட்!" என்றார். அந்தக் குரலுக்கு எந்த டிரைவராக இருந்தாலும் கியரைப் போட்டிருப்பார். காசிமாயன் அண்ணனும் ஏறிவிட்டார். மூன்று வருடத்துக்கு முன் நடந்தது இது. அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்துதான் நடப்பார்கள். தினமும் பதினான்கு சுற்று.

என்ன பேசுவார்கள் என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. வைகை அணையில் எத்தனை அடி தண்ணீர், எந்த மாத்திரைக்கு வாய் கசக்கும், தேனி ரோட்டில் எந்த மேம்பாலம் எப்போது முடியும். சில நாள் ஆறு சுற்றுக்கு ஒரு வார்த்தை இருக்காது. ஒருவர் வரத் தாமதமானால் மற்றவர் என் கடைப் பக்கம் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். காசிமாயன் அண்ணன் இவரை "மாப்ள" என்பார். இவர் பதிலுக்கு "அண்ணே" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

மதுரையில் இரண்டு பேர் பேச ஆரம்பித்தால் மூன்றாவது கேள்வி எந்த ஊர் என்பது. நாலாவது கேள்வி, அந்த ஊரில் எந்தத் தெரு. ஐந்தாவது கேள்வி தேவைப்படாது. மருதண்ணனிடம் யார் ஊரைக் கேட்டாலும் "குன்றம்" என்பார். திருப்பரங்குன்றம் சின்ன ஊரா? எந்தப் பக்கம் என்று கேட்பதற்குள், "அங்க பாருங்க, லிப்ட்டு மறுபடி நின்னுபோச்சு" என்று வேறு பக்கம் கையைக் காட்டிவிடுவார். நானும் அந்த மூன்று வருடத்தில் சுற்றி வளைத்து அவரிடம் கேட்டுப் பார்த்தவள்தான். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

போன ஆவணியில் காசிமாயன் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து வைத்தார். மாலில் பழகின எல்லோருக்கும் பத்திரிகை கொடுத்தார். எனக்குக் கடையிலேயே வைத்து நீட்டினார். "குடும்பத்தோட வந்துரணும்த்தா, கறிச்சோறு" என்றார். வாங்கும்போதே ஒரு ஓரத்தில் வெண்ணெய் ஒட்டிவிட்டது.

எங்கள் பக்கத்தில் பத்திரிகையைக் கொடுப்பது வேறு, வைப்பது வேறு. வேண்டியவர்கள் என்றால், கணவனும் மனைவியுமாக வீடு தேடிப் போய், தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகையை வைக்க வேண்டும். அந்த வீட்டுக் கணவனும் மனைவியும் சேர்ந்து நின்று அதை வாங்க வேண்டும். மற்றவர்களுக்குப் பார்த்த இடத்தில் நீட்டிவிடலாம். நான் மற்றவர்கள். கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

மருதண்ணனுக்கு மட்டும் அவர் நீட்டவில்லை. "ஒனக்கு இங்க வச்சுக் குடுத்தா நல்லாவா இருக்கும் மாப்ள? நானும் ஒச்சாயியும் வீட்டுக்கு வாரோம். அட்ரஸ மட்டும் சொல்லு" என்றார்.

மருதண்ணன் முகத்தில் சந்தோஷம் வந்த வேகத்தில் போனதை நான் பார்த்தேன். அடுத்த ஒன்பது நாள் அவர் சொன்ன சாக்குகளை எழுதினால் ஒரு நோட்டு நிறையும். வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள். மனைவி மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். தெருவில் குழாய்க்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், கார் வராது. பத்தாம் நாள் காசிமாயன் அண்ணன் ஏழாவது சுற்றில் நின்றுவிட்டார்.

"என்ன மாப்ள, எங்க வீட்டு விசேசத்துக்கு வர ஒனக்கு இஷ்டமில்லையா? இல்லேன்னா நேரடியாச் சொல்லிரு."

"அய்யய்யோ, அப்படி இல்லண்ணே. ஞாயித்துக்கெழம வாங்க" என்றார் மருதண்ணன்.

காசிமாயன் அண்ணன் போன பிறகு மருதண்ணன் என் கடைக்கு வந்து நின்றார். "பாண்டிமீனா, ஒன் வீடு குன்றத்துலதான?"

"ஆமாண்ணே. ரயில்வே ஸ்டேசனுக்குப் பின்னாடி."

"ஞாயித்துக்கெழம காலையில ஒரு மணி நேரம் அந்த வீடு எனக்கு வேணும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வரிசையாக நிறுத்தங்களின் பெயரைச் சொல்வது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்லிக்கொண்டு போனார். அவருடைய ஊர் திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே ஆறு கிலோமீட்டர். கண்மாய்க்குத் தெற்கே, காலனி. அப்பாவும் அம்மாவும் கடைசிவரை அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். இவர் பத்தாவது படித்துத் தேறி வேலைக்குப் போய், ஒரு ஏக்கர் நிலம் வாங்கி, மாடி வீடு கட்டிவிட்டார். மகன் சென்னையில் இன்ஜினியர். மகள் தமிழ்வாணி நர்ஸ்.

"இதுல மறைக்க என்னண்ணே இருக்கு?" என்றேன்.

"ஒரு டிரைவர் இருந்தாரு. பேரு வேணாம். ஒம்போது வருசம் ரெண்டு பேரும் ஒரே வண்டி. அவர் தூக்குச்சட்டியில நான் சாப்பிடுவேன், என் தூக்குச்சட்டியில அவர் சாப்பிடுவாரு. எங்கம்மா செத்ததுக்கு மாலையோட ஊருக்கு வந்தாரு. அன்னைக்குத்தான் தெருவப் பாத்தாரு. மறுநாள்லருந்து அவருக்கு வயித்து வலி. தனியா ஒக்காந்து சாப்பிட ஆரம்பிச்சாரு. ஒன்றர வருசம் வயித்து வலிம்மா. நான் வேற ரூட்டு கேட்டு வாங்கிட்டுப் போயிட்டேன்."

கொஞ்ச நேரம் எஸ்கலேட்டரைப் பார்த்தார்.

"காசிமாயண்ணனுக்கும் வயித்து வலி வந்துறக் கூடாது. இந்த வயசுல இன்னொருத்தரப் பிடிச்சு நான் எங்க பழக?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த டிரைவர் மேல், காசிமாயன் அண்ணன் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக மருதண்ணன் மேல். ஊரையே ஏற்றி இறக்கின மனிதர், பிள்ளைகளை ஆளாக்கினவர், என்னுடைய பொந்து வீட்டை ஒரு மணி நேரத்துக்கு இரவல் கேட்கிறார். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். "சரிண்ணே, வாங்க" என்றுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்காரரைப் பிள்ளைகளோடு கோயிலுக்கு அனுப்பிவிட்டேன். சுவரில் இருந்த எங்கள் கல்யாணப் படத்தைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். பிள்ளைகளின் ஸ்கூல் ஷூ நாலையும் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். நான் பக்கத்து வீட்டுக்காரி, சும்மா ஒத்தாசைக்கு வந்திருக்கிறேன் என்று ஏற்பாடு.

ஒன்பதரைக்கே மருதண்ணன் மனைவியோடு வந்தார். முனியாயி அக்காவை அன்றுதான் பார்க்கிறேன். மெலிந்த, உயரமான பெண். வாசலில் நின்றபடியே உள்ளே ஒரு பார்வை பார்த்தார்.

"எங்க வீட்டு மாடியே இதவிடப் பெருசு. அத விட்டுட்டு இங்க வந்து நிக்கணுமாக்கும்" என்றார் கணவரிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒன்னச் சொல்லலத்தா" என்றார். சொன்னது உண்மைதான்.

பத்தரைக்குக் கார் வந்தது. காசிமாயன் அண்ணனும் ஒச்சாயி அக்காவும் தட்டோடு இறங்கினார்கள். ஒச்சாயி அக்கா வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, "நல்லாருக்கீகளா மதினி? இவுக வீட்டுக்கு வந்தா ஒங்க வீட்டுக்காரரு பேச்சுத்தேன்" என்று முனியாயி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். பாவம், முனியாயி அக்கா மின்விசிறியைப் போடப் போய் முதலில் டியூப்லைட்டைப் போட்டார், அடுத்துப் பாத்ரூம் விளக்கை. மூன்றாவதில்தான் காற்று வந்தது. "கரண்ட்டுக்காரன் மாத்திக் குடுத்துட்டான்" என்று மருதண்ணன் சமாளித்தார். நான் தண்ணீர் கொண்டுவந்தேன். ஒச்சாயி அக்கா குடித்தார். காசிமாயன் அண்ணன் தன் வீடு மாதிரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"வாங்க, சேந்து நில்லுங்க" என்றார்கள். மருதண்ணனும் முனியாயி அக்காவும் சேர்ந்து நின்று தட்டை வாங்கினார்கள். அவ்வளவுதான், முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன்.

ஆனால் இன்னொன்று பாக்கி இருந்ததை நாங்கள் மூன்று பேருமே மறந்திருந்தோம். வந்த சுமங்கலியைக் குங்குமம் கொடுக்காமல் அனுப்பக் கூடாது. ஒச்சாயி அக்கா எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றார். முனியாயி அக்கா சாமி அலமாரி முன்னால் போய் நின்றார். குங்குமச் சிமிழ் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் இருக்கும். அது எனக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டுக்காரி எப்படி வாய்விட்டுச் சொல்வது? கண்ணைக் காட்டினேன். அவர் தேடி எடுத்துவிட்டார். எடுத்தவர் திறக்கவில்லை. சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"யக்கா, தப்பா நெனைக்காதீக. அடுத்த வீட்டுக் குங்குமத்த எடுத்து ஒங்களுக்குக் குடுக்க எனக்கு மனசு வரல. இது எங்க வீடு இல்ல. இந்தப் பிள்ள வீடு."

சிமிழும் கையுமாக ஒச்சாயி அக்கா பக்கம் நன்றாகத் திரும்பினார்.

"எங்க வீடு இன்னும் ஆறு கிலோமீட்டர் போகணும். கண்மாய்க்குத் தெக்க, காலனி. பச்சக் கலர் மாடி வீடு. கண்டக்டர் வீடுன்னா சின்னப் பிள்ளகூடக் காட்டும். அங்க வந்து வையுங்க. வாங்கிக்கிறோம்."

மருதண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காசிமாயன் அண்ணன் மருதண்ணனைப் பார்த்தார். ஒச்சாயி அக்கா முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "நேரமாச்சு. இன்னும் நாலு வீடு இருக்கு" என்றார், யாரையும் பார்க்காமல். காசிமாயன் அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டார். "அப்ப அங்க வந்து வைக்கிறோம்" என்றார். அது வாக்கா, தப்பித்துப் போகச் சொன்னதா என்று அவர் குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.

கார் போனதும் மருதண்ணன் மனைவியிடம் கத்தினார். "ஒரு மணி நேரம் பொறுத்துக்கக் கூடாதா ஒன்னால?"

"நீங்க மூணு வருசமாப் பொறுத்துக்கிட்டுத்தான இருக்கீக. என்னத்தக் கண்டீக?" என்றார் முனியாயி அக்கா. சிமிழை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, என்னிடம் சொல்லிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை காசிமாயன் அண்ணன் மாலுக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. மருமகளை விட்டுவிட்டுக் கார் அப்படியே திரும்பிப் போவதைப் பார்த்ததாகக் கருத்தக்கண்ணன் சொன்னான். மருதண்ணன் தனியாக எட்டுச் சுற்று நடந்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். வாசலைப் பார்ப்பதில்லை. வியாழக்கிழமை என்னிடம், "வயித்து வலியா இருக்கும்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயமா நறுக்குகிறேன், சாக்குச் சொல்ல? சோளம் உதிர்க்கிறவள்.

அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்குக் கதவு திறப்பதற்கு முன்னாலேயே மருதண்ணன் வெளியே நின்றிருந்தார். நேராக என்னிடம் வந்தார்.

"நேத்து வந்தாரும்மா."

காரை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, தெரு முழுக்கப் பார்க்க நடந்து வந்திருக்கிறார். வந்தவர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். காபியும் குடித்தார். மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஆனால் தனியாகத்தான் வந்திருந்தார்.

"மொழங்கால் வலி, காச்சலுன்னு எதையாவது சொல்லியிருக்கலாம்ல? சொல்லல. 'தங்கச்சி, ஒச்சாயி வரலன்னுட்டா. ஒரு வாரமா வீட்டுல இதேன் சண்ட. அதான் மாலுக்கும் வர மூஞ்சி இல்ல. நான் வந்திருக்கேன்' அப்படின்னாரு. இம்புட்டு நேராச் சொன்னாரு பாரு, எனக்கு அது போதும்."

"அக்கா என்ன சொன்னாக?" என்றேன்.

மருதண்ணன் பிடரியைத் தடவினார். "தட்ட என் கூட நின்னு வாங்கிக்கிட்டா. மரியாதையில ஒண்ணும் கொறையில்ல. அவர் போன பெறகு சொல்றா, 'அவுக ஒத்தையா வந்தாக, நீங்களும் ஒத்தையாப் போயிட்டு வாங்க. ரெண்டு பேரா வந்தா ரெண்டு பேராப் போவோம்.' அம்புட்டுத்தேன். அதுக்கு மேல பேச விட மாட்டேங்குறா."

அன்றைக்குக் காசிமாயன் அண்ணன் பத்தரைக்கு வந்தார். இரண்டு பேரும் பதினான்கு சுற்று நடந்தார்கள். என்ன பேசினார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அணையில் அறுபத்தோரு அடி தண்ணீராம்.

காதுகுத்து சமயநல்லூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மண்டபத்தைச் சுற்றிலும் பேனர், வாசலில் மேளம், பத்துக் கிடா. நானும் என் வீட்டுக்காரரும் போயிருந்தோம். மருதண்ணன் தனியாக வந்தார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். காசிமாயன் அண்ணன் வாசலுக்கே வந்து அவரைக் கைபிடித்துக் கூட்டிப்போனார். முதல் பந்தியில் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். விசேஷ வீட்டுக்காரர் முதல் பந்தியில் உட்காருவது வழக்கமில்லை. சொந்தக்காரர்கள் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் சோற்றைப் பிசைந்தார். எதிர் வரிசையில்தான் நாங்கள் இருந்தோம்.

ஒச்சாயி அக்கா பந்தியை விசாரித்துக்கொண்டு வந்தார். "நல்லா வாங்கிச் சாப்பிடுங்க" என்று ஒவ்வொரு இலையிலும் ஒரு வார்த்தை. மருதண்ணன் இலைக்கு வந்தபோது ஒரு நொடி நின்றார். விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டார்.

"வீட்டுல அவுகளக் கூட்டிட்டு வரலையா?"

மருதண்ணன் நிமிர்ந்தார். லிப்ட் பக்கம் கையைக் காட்டுகிற மனிதர் ஏதாவது சொல்லி மழுப்பப் போகிறார் என்றுதான் நினைத்தேன். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்வார். மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்வார்.

"நீங்க வந்து கூப்பிடலையே மதினி. அதான் அவ வரல" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. சில்லறை இல்லை என்று பயணியிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னார். ஆனால் கண்டக்டர் குரல். நாலு இலைக்குக் கேட்டது. காசிமாயன் அண்ணன் கை சோற்றிலேயே நின்றது. எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும் போலிருந்தது. கை நிறையக் கறிக்குழம்பு.

ஒச்சாயி அக்கா முகம் சிவந்துவிட்டது. அடுத்த இலைக்குப் போக ஒரு அடி எடுத்து வைத்தவர் திரும்பி வந்தார். குனிந்து, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத குரலில், "அவுக எப்ப வீட்டுல இருப்பாக?" என்று கேட்டார்.

"அவ எப்பவும் வீட்டுலதான் இருக்கா மதினி" என்றார் மருதண்ணன்.